மேலிருந்து எடுத்த படம்

என் ஆராய்ச்சி மாணவி சரியாகக் கண்டுபிடித்ததைப் பிழை என்று சொல்லி அவளை வெளியேற்றினேன். பிழை என்னுடையது என்று எனக்கு அப்போதே தெரியும்.

வைரஸின் மேலுறைப் புரதத்தை மட்டும் தனியே செய்தால், அது தானாகவே கூடி நுண்ணிய உருண்டையாகிவிடும். உள்ளே வைரஸின் மரபுப்பொருள் இல்லாததால் நோய் வராது. உடலின் காவல் செல்கள் அதை விழுங்கினால் வைரஸை அடையாளம் காணப் பழகும். நாங்கள் செய்ய நினைத்த தடுப்பூசி அதுதான். விழுங்காவிட்டால் எங்கள் உருண்டையால் பயனில்லை.

சென்னையில் என் ஆய்வகத்தில், உருண்டைகளுக்கு ஒளிரும் சாயம் ஏற்றிச் செல்களோடு விட்டோம். நுண்ணோக்கியில் மேலிருந்து பார்த்தால் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் பச்சைப் புள்ளிகள். எனக்கு ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. பெயர் சொல்லும்படி அதுவரை எதுவும் செய்திருக்கவில்லை. பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிவிட்டேன்.

அவள் செல்களைப் பனிக்கட்டி மேல் வைத்துப் பார்த்தாள். அந்தக் குளிரில் செல் எதையும் விழுங்காது. ஆனாலும் அதே பச்சை, அதே அளவு. பிறகு பக்கவாட்டில் படமெடுத்தாள். புள்ளிகள் எல்லாம் செல்லின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டிருந்தன.

அவளும் என்னைப் போலச் சங்கரன்கோவில்தான், விசைத்தறிக்காரர் மகள். "மொட்டமாடில காயுத வத்தல ஏரோப்ளேன்ல இருந்து பார்த்தா, வீட்டுக்குள்ள கெடக்க மாதிரிதான் சார் தெரியும்" என்று சிரித்தாள்.

"உனக்குச் செல்லைக் கழுவத் தெரியல. அதான் ஒட்டியிருக்கு" என்றேன். அவள் குறிப்பேட்டில் "உள்ளே போகவில்லை" என்ற வரிக்குக் கீழே சிவப்பு மையில் "மறுபடி செய்" என்று எழுதினேன். நான்கு முறை செய்தாள். முடிவு மாறவில்லை. ஆய்வேட்டில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். பட்டம் வாங்காமல் ஊருக்குப் போனாள். பனிக்கட்டிச் சோதனையை மறைத்து, மேலிருந்து எடுத்த படங்களோடு கட்டுரையை வெளியிட்டேன். படங்கள் அவள் எடுத்தவை என்பதால் அவள் பெயரையும் சேர்த்தேன். அதைப் பெருந்தன்மை என்று வேறு நினைத்தேன்.

ஓய்வு பெற்று ஊருக்கு வந்தபின் முன்பின் தெரியாத ஓர் ஆய்வாளர் எழுதினார். "உங்கள் உருண்டை எங்கள் செல்களுக்குள் போகவே மாட்டேன் என்கிறது. எங்கே தவறுகிறோம்?" அவர் எத்தனை நாள் அதில் வீணடித்தாரோ. கட்டுரையைத் திரும்பப் பெறும்படி இதழுக்கு எழுதினேன். அதைச் சொல்ல அவள் வீட்டுக்குப் போனேன்.

"ஏட்டி, ஒங்க மெட்ராஸ் சாரு வந்திருக்காரு" என்று அவள் அம்மா உள்ளே குரல் கொடுத்தார். அவள் அப்போது ஒரு தனியார் கல்லூரியில் ஆசிரியையாக இருந்தாள். இதழுக்கு எழுதியதைச் சொன்னேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா சார்? அந்தப் பேப்பரக் காட்டித்தான் இந்த வேலைல இருக்கேன்."

"நீ சொன்னதுதானம்மா சரி."

"அது நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும். பொய்யினு தெரிஞ்சுதான் காட்டினேன். வேற என்ன இருந்துச்சு எங்கிட்ட? இன்னும் எத்தனை தடவ சார் என்னைய வெளிய அனுப்புவீங்க?"

முழுப் பிழையும் என்னுடையது என்று மீண்டும் இதழுக்கு எழுதினேன். அறிவிப்பு இரண்டே வரியில் வந்தது. படங்கள் நம்பத்தக்கவை அல்ல, கட்டுரை திரும்பப் பெறப்படுகிறது. யார் செய்த பிழை என்று ஒரு சொல் இல்லை. கல்லூரி அவளை வர வேண்டாம் என்றது. என்னிடமே தங்கிவிட்ட அவள் குறிப்பேட்டைத் தூக்கிக்கொண்டு முதல்வரிடம் ஓடினேன். புரட்டிப் பார்த்தார். "பாவந்தான் சார். ஆனா அதுல அவங்க பேரும் இருக்கே" என்று திருப்பித் தந்தார்.

மறுவாரம் அவளே என் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. என் மேசையில் கிடந்த குறிப்பேட்டை எடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து நீட்டினாள்.

"இது சரினு எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

"எதுக்கும்மா இப்ப?"

"வேற எடத்துல முதல்ல இருந்து பிஎச்டிக்குக் கேட்டிருக்கேன். அங்கன கேப்பாங்கல்லா."

"மறுபடி செய்" என்பதற்குக் கீழே எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். அவள் மை காயும்வரை நின்றாள். பிறகு குறிப்பேட்டை மூடி எடுத்துக்கொண்டு போனாள்.

அவள் கேட்ட இடத்திலிருந்து இன்னும் பதில் வரவில்லை. அவள் அம்மாதான் சொன்னார். அவள் என்னிடம் பேசுவதில்லை.