மிச்சமாகும் நேரம்

விதி தெளிவானது. விடுப்பில் ஊருக்குப் போகும் கடைநிலை ஊழியருக்குக் கப்பல்தான்; விமானம் என்றால் டெல்லியின் முன் அனுமதி வேண்டும். அறுபதுகளின் கடைசியில், அந்தமானில், போர்ட் பிளேரின் ஹேடோ துறைமுக அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்த நான், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதை உட்பிரிவோடு ஒப்பிப்பேன். தீவு வழக்கில் 'படா பாபு'.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் தஞ்சாவூர்க்காரர் ஒருவர் தந்தியோடு வந்து நின்றார். அவருடைய அம்மாவுக்கு முடியவில்லை, உடனே வரவும்.

"படா பாபு, மெட்ராஸுக்கு அடுத்த ஜஹாஜ் எப்போ?"

கப்பல் முந்தின நாள்தான் கிளம்பியிருந்தது. அடுத்தது பன்னிரண்டு நாள் கழித்து; கடலில் நான்கு நாள். மறுநாள் விமானம் இருக்கிறதே என்றார். விதியைச் சொன்னேன். உட்பிரிவையும் விடவில்லை.

"அதெல்லாம் உங்களுக்குத் தெரியும் பாபு. பிளேன்ல எத்தனை மணி நேரம்? அத மட்டும் சொல்லுங்க."

எனக்குத் தெரியவில்லை. தீவில் எல்லோரும் தூரத்தைக் கப்பலால்தான் அளப்போம். வெங்காயம் ஒரு கப்பல் தூரம், கடிதத்துக்குப் பதில் இரண்டு கப்பல் தூரம். அனுமதிப் படிவத்தில் 'மிச்சமாகும் நேரம்' என்று ஒரு கட்டம் உண்டு. எந்த விண்ணப்பத்தையும் அந்தக் கட்டம்வரை நான் வர விட்டதில்லை. அன்று அவரைச் சமாதானப்படுத்தி அனுப்புவதற்காகவே பென்சிலை எடுத்தேன்.

மெட்ராஸ் மேற்கே இருக்க, விமானம் வடக்கே ரங்கூனில் இறங்கிக் கல்கத்தா போகும். ஏறக்குறைய ஆயிரம் மைல்; வழியில் நிற்பதையும் சேர்த்து ஆறு மணி நேரம். பிறகு ரயில். இப்படிச் சுற்றிப் போயும் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பார். கப்பல் என்றால், காத்திருப்பு, கடல், ரயில் எல்லாம் சேர்த்து, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மேலும் பன்னிரண்டு நாள்.

கட்டத்தில் எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் எட்டிப் பார்த்தார்.

"பன்னெண்டு நாளா?" என்றார் மெதுவாக. "எங்கம்மா அவ்வளவு நாள் தாங்காது பாபு."

எங்கள் அதிகாரி கார் நிக்கோபாருக்கு டூர் போயிருந்தார். அவருக்காகக் கையெழுத்திடும் பொறுப்பு என்னிடம் இருந்தது. 'அனுமதியை எதிர்பார்த்து' என்று எழுதி, விமான டிக்கெட்டுக்கான சீட்டில் கையெழுத்துப் போட்டேன். பதினாறு வருட சர்வீஸில் முதல் விதிமீறல். திரும்பி வந்த அதிகாரி, டெல்லி ஒத்துக்கொள்ளாவிட்டால் பதில் சொல்ல வேண்டியவன் நான்தான் என்று கோப்பிலேயே எழுதி வைத்தார்.

ஆறு வாரம் கழித்து கிரேன்காரர் மொட்டைத் தலையோடு வந்தார்.

"ரெண்டு நாள் கூடவே இருந்தேன் பாபு. கஞ்சி ஊட்டினேன். கண்ணத் தொறந்து, 'கப்பல் எப்ப வந்துச்சு'ன்னு கேட்டுச்சு. காலைலதாம்மான்னு சொல்லிட்டேன்."

விதிகளை நான் அதன் பிறகும் விடவில்லை. ஆனால் யார் தந்தியோடு வந்தாலும், ஓய்வு பெறும்வரை, முதலில் அந்தக் கட்டத்தைத்தான் நிரப்பினேன். அந்த முதல் டிக்கெட்டுக்கு அனுமதி கேட்டு டெல்லிக்கு நினைவூட்டல்கள் போய்க்கொண்டே இருந்தன. அவசரத்தின் தன்மையை விளக்குமாறு கேட்டு அவர்களுடைய பதில் வந்து சேர்ந்தது, அம்மாவின் முதல் வருடத் திதிக்காகக் கிரேன்காரர் விடுப்பு எடுத்திருந்த நாளில்.