பறப்பதற்காகச் செய்த சிலிண்டர் ஹெட்

அறுபதுகளின் தொடக்கத்தில் செங்கம் ரோட்டில் கார் ரிப்பேர் ஷாப் வைத்திருந்தேன். பக்கத்தில் வாடகைக்கு இருந்த ஓய்வுபெற்ற விமானி ஒருவர், ஓர் ஆள் மட்டும் உட்காரும் விமானம் கட்டிக்கொண்டிருந்தார். அதற்குப் பழைய கார் இன்ஜினைத்தான் பொருத்தினார். கார் எப்போதாவதுதான் முழு வேகத்தில் போகும்; விமானமோ மேலே ஏறி முடிக்கும்வரை முழு வேகத்திலேயே ஓட வேண்டும். அந்தச் சூட்டில் இன்ஜினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட், வால்வுகளுக்கு நடுவே விரிசல் விட்டது. அப்படி மூன்று ஹெட் போயிற்று.

நான்காவதை நான் கையிலெடுத்தேன். வால்வைச் சுற்றித் தண்ணீர் ஓடும் வழியை அகலமாக்கினேன். புகை வெளியேறும் துளையை அரம் போட்டு வழவழப்பாக்கினேன். ஏழு மாதம் பிடித்தது. இன்ஜினை ஸ்டாண்டில் கட்டி ஒரு பகல் முழுக்க ஓட்டினோம். விரிசலே இல்லை. விமானி என்னைக் கட்டிக்கொண்டார்.

விமானம் பறக்க அனுமதி தர மெட்ராஸிலிருந்து அதிகாரி வந்தார்.

"கார் இன்ஜினா?" என்றார்.

"ஹெட்டைக் கழட்டிக் காட்டறேன் சார், பாத்துட்டுச் சொல்லுங்க" என்றேன்.

"வாணாம்பா. நீ போய் லாரியப் பாரு."

அனுமதி கிடைக்கவில்லை. விமானி எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வாரமே, என்னிடம் கேட்காமல், கிணற்றுத் தண்ணீர் இறைக்க அந்த இன்ஜினை வேங்கிக்கால் கிராமத்து விவசாயி ஒருவருக்கு விற்றுவிட்டார்.

பிறகு சந்தையில் அந்த விவசாயி என்னை நிறுத்தி, "நாள் பூரா ஓடினாலும் சூடே ஆவறதில்லீங்க" என்றார். தலையாட்டிவிட்டு நடந்தேன். அந்த விவசாயி நல்ல மனிதர்தான். ஆனால் வானத்துக்குச் செய்த ஹெட் அவர் கிணற்றடியில் ஓடுகிறது; இன்றுவரை அவரை எனக்குப் பிடிக்கவில்லை.