கும்பளங்கி வீட்டு மூன்றாம் முடிச்சு

மட்டாஞ்சேரியில் முப்பிடாதியை நம்பாத ஆள் கிடையாது. முப்பிடாதி நம்பிய ஆளும் கிடையாது.

சாயாக்கடையில் கிளாஸைக் கையில் வாங்கினால் முதலில் தூக்கி அடியைப் பார்ப்பான். கடையைப் பூட்டினால் பூட்டை மூன்று தரம் இழுப்பான். நாலடி போனபின் திரும்பி வந்து நாலாவது தரமும் இழுப்பான். அவன் தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து நகராட்சித் துப்புரவு வேலைக்கு வந்தவர். அப்பாவும் அதே வேலை. மகன் அந்தப் பக்கமே போகாமல் கல்யாண வீடுகளில் வீடியோ லைட் பிடிக்கப் போனான். பிறகு ஒரு கூட்டாளியோடு சேர்ந்து கல்யாண வீடியோ கேசட் கடை போட்டான். தொண்ணூற்று நாலில் அந்தக் கூட்டாளி நகலெடுக்கிற மாஸ்டர் கேசட் அத்தனையையும் சாக்கில் கட்டிக்கொண்டு திருச்சூருக்கு ஓடிப்போனான். அன்றைக்கு முப்பிடாதிக்கு ஏறிய சந்தேகம் பிறகு இறங்கவே இல்லை.

அதற்கு மறுவருஷம் கேமரா பிடிக்க ரதீஷ் வந்தான். அதிகம் பேசாதவன், வேலையில் கெட்டிக்காரன். பதினோரு வருஷம் கூடவே இருந்தான். முப்பிடாதி அவனை நம்பினான் என்று சொல்ல முடியாது. சந்தேகப்பட ஒன்றும் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். கடையின் இரண்டாவது சாவி ரதீஷிடம் இருந்தது. அது முப்பிடாதிக்குப் பல்லில் சிக்கிய நார் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது.

கேசட் போய் டிவிடி வந்தது. கூடவே அகலமாகப் படம் பிடிக்கும் புதுக் கேமராவும் வந்தது, தலைவலியும் வந்தது. ஊரில் எல்லார் வீட்டிலும் இருந்தது பழைய சதுர டிவி. முதல் கல்யாண டிஸ்கில் பெண்ணும் மாப்பிள்ளையும் முருங்கைக்காயாக நீண்டு போனார்கள். பெண் மெலிந்து தெரிந்ததில் பெண்ணைப் பெற்றவருக்கு மகிழ்ச்சிதான், ஆனால் மாப்பிள்ளை வீட்டார் சும்மா விடவில்லை. படம் அகலமானது என்று டிஸ்கிலேயே குறித்துவிட்டால் அது சரியாகிவிடும் என்று முப்பிடாதி கண்டுபிடித்தான். குறித்தான். உடனே அடுத்த புகார் வந்தது. டிவியில் மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை விழுகிறதாம்.

"படத்தைப் பாதி வெட்டி எடுத்துக்கிட்டுப் பட்டை ஒட்டித் தந்திருக்கான்" என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். பட்டை விழுந்தால்தான் முழுப் படமும் தெரியும் என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்? சந்தேகம் பிடித்த மனுஷனுக்கு, தன்னைப் பிறர் சந்தேகப்படுவதுதான் பொறுக்காது. டிஸ்க் செய்யும் புரோகிராமில் இன்னொரு கட்டம் இருந்தது. அதில் டிக் போட்டால், பிளேயர் விரும்பினால் பட்டையில்லாமல் டிவியை நிறைத்துக் காட்டலாம். வெட்டுப்படுவது படத்தின் இரண்டு ஓரங்கள். கேட்கிறவன் வாயை அடைத்தால் போதும் என்று டிக்கைப் போட்டுவிட்டு முப்பிடாதி அதை மறந்தும் போனான். நல்லவேளையோ கெட்டவேளையோ, ஊரிலிருந்த பிளேயர்களில் பெரும்பாலானவை பட்டை போட்டே காட்டின.

இரண்டாயிரத்து ஆறு, வைகாசி. நகராட்சி வேலைக்காரர் பாலையாவின் மகள் அஞ்சுவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பக்கத்து ஊர் கும்பளங்கி ஜிதின். அவர்களும் தமிழ்க் குடும்பம்தான், பேச்சு பாதி மலையாளம். ரதீஷ் படம் பிடித்தான். பெண் வீட்டுக்கு ஒரு டிஸ்க், மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு டிஸ்க் போனது. ஆடி பிறந்ததும் வழக்கப்படி அஞ்சுவைத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். ஆவணி ஒன்றாம் தேதி மாப்பிள்ளை வீட்டார் வந்து கூட்டிப் போக வேண்டும்.

ஆவணிக்கு நாலு நாள் இருக்கையில் பாலையா கடைக்கு வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"முப்பிடாதி, நீ எத்தனை மாதிரி டிஸ்க் போட்டே?"

"ஒரே மாதிரிதான் அண்ணே. எந்தா விஷயம்?"

"எங்க வீட்ல பார்த்தா ஷைலஜா இருக்கா. அவங்க வீட்ல பார்த்தா அவ இல்லை."

ஷைலஜா மாப்பிள்ளையின் அக்கா. மூன்றாம் முடிச்சைப் போட வேண்டியவள் நாத்தனார்தான், அவளும் போட்டாள். அவர்கள் வீட்டு டிஸ்கில் அந்த இடத்தில் ஆளே இல்லையாம். பெண் வீட்டார் சொல்லித்தான் தன்னை வெட்டியிருக்கிறார்கள், இப்போதே வெட்டச் சொல்கிற அஞ்சு நாளைக்கு வீட்டுக்குள்ளும் தன்னை வைத்திருக்க மாட்டாள் என்று ஷைலஜா ஒரே பிடியாக நிற்கிறாள். வெட்டியது யார் என்று தெரியாமல் அஞ்சுவைக் கூட்டிப்போக ஒருத்தரும் வரப்போவதில்லை.

"கல்யாணமாகி மூணு மாசம் ஆகலை முப்பிடாதி. எம்பொண்ணு வாசலையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கா" என்றார் பாலையா.

முப்பிடாதி மாஸ்டரைப் போட்டுப் பார்த்தான். நடுவில் அஞ்சு, வலப்பக்கம் ஜிதின், இடது ஓரத்தில் குனிந்து முடிச்சுப் போடும் ஷைலஜா. ஆள் அப்படியே இருந்தாள். அப்படியானால் கும்பளங்கி டிஸ்கில்தான் கை வைத்திருக்கிறார்கள். அதை எழுதிய அன்று முப்பிடாதி கடையில் இல்லை, மச்சினன் வீட்டு வளைகாப்புக்குப் போயிருந்தான். எழுதியது ரதீஷ். கல்யாணத்தன்று கேமராவை மறைக்கிறாள் என்று ரதீஷ் அவளை நகரச் சொன்னதும், அவள் எல்லார் முன்னாலும் அவனைக் கடித்துக் குதறியதும் முப்பிடாதிக்கு ஞாபகம் வந்தது. பதினோரு வருஷமாகக் கிடைக்காதது கிடைத்துவிட்டது. உள்ளுக்குள் ஒரு திருப்தி ஓடியதைச் சொல்லாமல் விட்டால் அது பொய்யாகிவிடும்.

"எதுக்குடா அவளை வெட்டினே?" என்று கேட்டான்.

ரதீஷ் கேமரா லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தான். "நான் வெட்டலை அண்ணே."

"பின்னே தானா வெட்டுப்பட்டுதா?"

"கும்பளங்கி போய்ப் பார்த்தீங்களா?"

"எதுக்குப் பார்க்கணும்? எனக்குத் தெரியாதா?"

ரதீஷ் லென்ஸுக்கு மூடி போட்டான். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தான். செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டான். குற்றமுள்ள நெஞ்சுதான் வாய் பேசாமல் போகும் என்று முப்பிடாதி நினைத்துக்கொண்டான்.

மறுநாள் காலை ஒரு பையில் தன் பிளேயரைப் போட்டுக்கொண்டு கும்பளங்கிக்கு பஸ் ஏறினான். அவர்கள் மெஷினை நம்ப அவன் என்ன பைத்தியமா?

ஷைலஜா டிவிக்கு எதிரில் உட்கார்ந்திருந்தாள். அம்மா சரோஜம்மாவும் ஜிதினும் பின்னால் நின்றார்கள். சாயா வரவில்லை. டிஸ்க் ஓடியது. கெட்டிமேளம் கொட்டியது. டிவி நிறைய அஞ்சுவும் ஜிதினும் இருந்தார்கள். அஞ்சுவின் பிடரியில் மூன்று விரல்கள் மட்டும் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தன. விரலுக்கு உரியவளைக் காணோம்.

"கண்டோ?" என்றாள் ஷைலஜா. "விரலை மட்டும் விட்டு வச்சிருக்கீங்க."

முப்பிடாதி டிஸ்கை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். யாரும் மாற்றிவிடக் கூடாதென்று, எழுதாத டிஸ்கிலேயே உள்வட்டத்தில் பேனாவால் மூன்று புள்ளி வைத்து அடுக்குவது அவன் ரகசியம். மூன்று புள்ளியும் இருந்தன. டிஸ்க் அவனுடையதுதான். தன் பிளேயரை மாட்டி அதே டிஸ்கைப் போட்டான். மேலும் கீழும் கறுப்புப் பட்டை. இடது ஓரத்தில் ஷைலஜா, வளையல் சரிய, நிதானமாக முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தாள். ஜிதின் முன்னால் வந்து குனிந்து பார்த்தான்.

அவர்கள் பிளேயர் ஜிதினின் மாமா துபாயிலிருந்து கொண்டு வந்தது. முப்பிடாதி ரிமோட்டை வாங்கி அதன் செட்டிங்கைத் திறந்தான். சதுர டிவியானால் ஓரத்தை வெட்டி நிறைத்துக் காட்டு என்று அதில் வைத்திருந்தது. வெட்டிக்கொள் என்று அதற்கு அனுமதி கொடுத்த டிக் முப்பிடாதிக்கு ஞாபகம் வந்தது. ரதீஷ் எழுதினது முப்பிடாதி செய்து வைத்த மாஸ்டரைத்தான். பாலையா வீட்டில் இருக்கிறதும் அதே டிஸ்க்தான்.

"அப்போ எங்க பிளேயர்தான் கேடா?" என்றாள் ஷைலஜா.

ஆமாம் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறியிருக்கலாம். அவள் பார்வை விடவில்லை. அந்தப் பார்வை அவனுக்குப் பழக்கம், தினமும் சவரம் செய்கையில் கண்ணாடியில் பார்க்கிறதுதான். அதற்கு அரை உண்மை சொன்னால் ஆயுசுக்கும் தீராது. அஞ்சு வாசலிலேயே உட்கார்ந்திருப்பாள்.

"பிளேயர்ல ஒண்ணும் இல்லை மோளே. தப்பு என்னோடது." கீழே கிடந்த பேப்பரை எடுத்து விரித்தான். "இதுதான் படம். இது உங்க டிவி." இரண்டு ஓரத்தையும் மடக்கிக் காட்டினான். "மடக்கலாம்னு நான்தான் டிஸ்க்ல எழுதி வச்சேன். பட்டை தெரிஞ்சா ஜனங்க என்னைத் திருடன்னு சொல்லுவாங்கன்னு. நீ ஓரத்துல நின்னே. அஞ்சு வீட்டுக்கு இது ஒண்ணுமே தெரியாது."

ஷைலஜா பேப்பரை வாங்கி மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். பிறகு அந்த இடத்தைத் திரும்பப் போடச் சொன்னாள். மூன்று தரம் பார்த்தாள். மூன்றாவது தரம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வேற டிஸ்க் கொண்டு தாங்க சேட்டா. ஒண்ணாம் தேதி நானே போய் அவளைக் கூட்டிட்டு வர்றேன்" என்றாள். அதன்பிறகு சரோஜம்மா சாயா கொண்டு வந்தாள். முப்பிடாதி கிளாஸின் அடியைப் பார்க்காமலே குடித்தான்.

பஸ்ஸில் வரும்போது அவனுக்கு அழுகை வந்தது. நேரே ரதீஷ் வீட்டுக்குப் போனான். ரதீஷ் வாசலில் பைக்கைக் கழுவிக்கொண்டிருந்தான். முப்பிடாதி நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொல்லிவிட்டு, சாவியை நீட்டினான்.

"தப்பு என்மேலதான் ரதீஷே. மனசுல வைக்காதே."

ரதீஷ் ஈரக் கையைத் துடைத்தான், சாவியைத் தொடவில்லை. "ஒண்ணு கேட்கட்டா அண்ணே? நான் வெட்டலைன்னு உங்களுக்கு எப்பத் தோணுச்சு? டிவியைப் பார்க்கிறதுக்கு முந்தியா, பிந்தியா?"

பொய் சொல்ல முப்பிடாதிக்கு வாய் வரவில்லை. "பிந்திதான்" என்றான்.

"சரி அண்ணே" என்றான் ரதீஷ். கோபமாகச் சொல்லவில்லை. வாளியை எடுத்து மிச்சத் தண்ணீரைப் பைக்கின்மேல் ஊற்றினான்.

ஒன்றாம் தேதி ஷைலஜா வந்து அஞ்சுவைக் கூட்டிப் போனாள். ரதீஷ் அந்த ஓணத்துக்கு முன்பே இடப்பள்ளியில் ஒரு ஸ்டுடியோவில் சேர்ந்துவிட்டான். கடைச் சாவி இரண்டும் இப்போது முப்பிடாதியிடம்தான் இருக்கின்றன. இரண்டும் தன்னிடமே இருக்க வேண்டும் என்று பதினோரு வருஷம் ஆசைப்பட்டவன் அவன்.