சேகண்டிக்காரருக்குக் குறிக்கப்படாத தேதி

நான்காவது பிள்ளை என்பதால் அவருக்கு அனானே என்று பெயர். மூத்தவர்கள் மூன்று பேர் இருந்தும் ஒடுமாக்ரோம் ஊருக்குச் செய்தி அறிவிக்கும் சேகண்டி அவர் தோளில்தான் வந்து விழுந்தது. சேகண்டி அடித்துவந்த தாய்மாமன் சாகக் கிடந்த வாரத்தில் மூவரும் கொக்கோ தோட்டத்தில் அவசர வேலை இருப்பதாகக் கிளம்பிவிட்டார்கள். அனானே மட்டும் மாமனுக்குக் கால் பிடித்துக்கொண்டிருந்தார். அன்பு அவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று அப்போது அவருக்குத் தெரியாது.

சேகண்டி ஊர்த் தலைவருடைய சொத்து; அவரை எல்லாரும் நானா என்றே அழைப்பார்கள். அடிப்பவர் வைத்திருக்கலாம், கீழே வைக்க முடியாது. நானா தம் கையால் திரும்ப வாங்கிக்கொண்டால்தான் விடுதலை. அனானேவுக்கு முட்டி போய்விட்டது. விடியுமுன் எழுந்து நான்கு தெருவும் கத்திவிட்டு வந்தால் பிற்பகல் வரை நொண்டுகிறார். மலைக்குப் பின்னால் இருக்கும் தன் தோட்டத்துக் குடிசையில் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் ஆசை. வருடந்தோறும் யாம் கிழங்குத் திருவிழாவில் விண்ணப்பிப்பார். நானா பக்கத்தில் நிற்கும் ஒப்போங்கின் காதில் முணுமுணுப்பார். தலைவர் நேராகப் பேசுவது வழக்கமில்லை. பொன்முனைக் கோல் பிடித்த ஒப்போங்தான் அவருடைய வாய்.

“உன் கோரிக்கை நியாயமானதுன்னு நானா நினைக்கிறாங்க,” என்பார் ஒப்போங். “ஆனா காலம் கனியணும். பொறுப்பைக் கைமாத்துறதுக்கு ஊர் பக்குவப்படணும். யோசிக்க ஒரு குழு போட்டிருக்காங்க.”

நாட்டுக்கு விடுதலை கேட்ட எங்களிடம் ஆங்கிலேயர்கள் சொல்லிக்கொண்டிருந்ததும் இதேதான். அதைக் கேட்டு நானாவுக்கு ரத்தம் கொதிக்கும்.

அந்த வருடம் ஆங்கிலேயர்கள் முந்திக்கொண்டார்கள். மாவட்ட அலுவலகத்திலிருந்து பிளாங்க்சன் என்ற குமாஸ்தா வந்தார். கடற்கரைப் பக்கத்து ஃபாந்தி இனத்துக்காரர்; எங்கள் வெயிலிலும் கோட்டைக் கழற்றாதவர். மார்ச் ஆறாம் தேதி நாடு விடுதலை அடைகிறது, அதுவரை எது எது எப்படி நடக்கும் என்ற அரசு அறிவிப்பை முற்றத்தில் நின்று படித்துக் காட்டினார். வழக்கப்படி சேகண்டி அடித்து, நானாவின் பெயரால் ஊருக்குச் சொல்ல வேண்டும் என்று முடித்தார்.

நானா கண்ணை மூடிக்கொண்டார். சிக்கல் அங்கேதான். ஊர்ப் பெரியவர்கள் எல்லாரும் கொக்கோ மரச் சின்னத்துக்காரர்கள். எங்கள் அசாந்திப் பகுதிக்குத் தனி உரிமை எழுதித் தராமல் விடுதலை வேண்டாம் என்பது அவர்கள் கட்சி. “நானா சொல்கிறார்” என்று சேகண்டி முழங்கினால், அன்று சாயங்காலமே வழக்கப்படி அவர் காலிலிருந்து செருப்பைக் கழற்றி ஆசனத்திலிருந்து இறக்கிவிடுவார்கள். சொல்லாவிட்டாலோ, நாளைக்கு வரப்போகும் சேவல் சின்னத்து அரசாங்கம் அவரைத் தலைவராக மதிக்காமல் போகலாம்.

நானா முணுமுணுத்தார்.

“நானா கேட்டுக்கிட்டாங்க,” என்றார் ஒப்போங்.

“அதுக்கு என்ன அர்த்தம்?” என்றார் பிளாங்க்சன்.

“காது நல்லா கேக்குதுன்னு அர்த்தம்.”

மறுநாள் ஒப்போங் கோல் இல்லாமல் அனானே வீட்டுக்கு வந்தார். கோல் இல்லாதபோது அவர் வெறும் ஒப்போங். அப்போது பேசியது எதற்கும் சாட்சி கிடையாது.

“இன்னும் அடிக்கலையா நீ?”

“உத்தரவு வரலையே, பெரியவரே.”

“வேண்டாம்னு நானா சொன்னாங்களா?”

“அடின்னும் சொல்லலையே.”

“எல்லாத்தையும் வாய் விட்டுச் சொல்லணுமா? இத்தனை வருசமா அரண்மனையில என்ன கத்துக்கிட்ட?”

“உத்தரவில்லாம அடிச்சா மூணு செம்மறி அபராதம், ஊரை விட்டு விலக்குன்னு கத்துக்கிட்டேன். போன தடவை தீர்ப்பை வாசிச்சதே நீங்கதான்.”

ஒப்போங் எழுந்து துணியைத் தோளில் சரிசெய்தார். “இது சுமுகமா முடிஞ்சா, உன் சேகண்டி விசயத்தை நானா மறக்க மாட்டாங்க. அதுவும் நான் சொன்னதில்லை.”

அவர் போனதும் தங்கை மகன் டெப்ரா வந்தான். எங்கள் வழக்கப்படி மாமனுக்குப் பிறகு சேகண்டி அவனுக்குத்தான். ஆனால் அவன் லாரி ஓட்டுநர், சேவல் சின்னத்துக்காரன், சட்டையிலேயே சேவலைக் குத்திக்கொண்டு திரிபவன்.

“மாமா, விடுதலைச் செய்தியை மறைச்சு வச்சிருக்கீங்களாமே? பசங்க கொதிச்சுப்போய் இருக்காங்க. உங்க கூரையைப் பத்தி ஏதோ பேசிக்கிறாங்க.”

“அப்ப நீயே வாங்கி அடிடா. உனக்கு வரவேண்டியதுதானே.”

“என்னையா சொல்றீங்க? நாடே சுதந்திரமாகுது, நான் இந்த இரும்பைச் சுமக்கிறதா? நல்லா கேட்டீங்க போங்க.”

சாயங்காலம் மனைவி டூஃபியே, தன் தாய்வீட்டிலிருந்து இடித்த கிழங்கு ஃபூஃபூவும் எண்ணெய்ப்பனைப் பழக் குழம்பும் கொண்டுவந்தாள். எங்கள் பெண்கள் பலர் அவரவர் தாய்வீட்டிலேயே இருப்பார்கள்; சோறும் வசவும் சாயங்காலம் சேர்ந்தே வரும்.

“அடிச்சா ஊரை விட்டுத் துரத்துவாங்க. அடிக்கலைன்னா கூரையைக் கொளுத்துவாங்க. நல்ல உத்தியோகம் புடிச்ச மனுசா!”

“தோட்டத்துக்கு ஓடிடலாமான்னு பாக்கறேன்.”

“ஓடு. சேகண்டியோட ஓடினா திருட்டு. விட்டுட்டு ஓடினா அவமானம். எது வேணும்னு சொல்லு, அதுக்கேத்த மாதிரி மூட்டை கட்டுறேன்.” குழம்பை ஊற்றியபடி சொன்னாள்: “என் ஆடு காணாமப்போனப்ப மட்டும் யாரையும் கேக்காம அடிச்சியே.”

“அது ஆடு. அதுக்கு உத்தரவு வேணாம். பொருளுக்குச் சொந்தக்காரர் பேரைச் சொல்லிட்டா போதும்.”

சொல்லிவிட்டு அனானே கையிலிருந்த உருண்டையை விழுங்க மறந்தார்.

மறுநாள் பொழுது விடியும் நேரம். தோட்டத்துக்குக் கிளம்பியவர்கள் தெருவில் இருந்தார்கள். சேகண்டி இரண்டு முறை ஒலித்தது. நானாவின் சொல் என்றால் மூன்று முறை. காணாமற்போன பொருளுக்கு இரண்டு.

“கோன்! கோன்! கடற்கரைக்காரர் பிளாங்க்சன் சொல்கிறார்! கேளுங்கள்! மார்ச் ஆறாம் தேதி இந்த நாடு விடுதலை அடைகிறது என்று பிளாங்க்சன் சொல்கிறார்! வெள்ளைக்காரர்கள் கொடி இறக்குவார்கள் என்று பிளாங்க்சன் சொல்கிறார்!”

அதுவரை குறையில்லை. ஆனால் இத்தனை வருடம் ஆடுகளையும் கோழிகளையும் தேடிய நாக்கு, தன் பழக்கத்தில் முடித்துவிட்டது: “கண்டெடுத்தவர்கள் பிளாங்க்சன் வீட்டில் ஒப்படைக்கவும்!”

ஊர் வெடித்துச் சிரித்தது. சேவல்காரர்களும் கொக்கோ மரக்காரர்களும் ஒன்றாகச் சிரித்தது அந்த வருடத்தில் அன்று ஒருநாள்தான். பிளாங்க்சன் ஊருக்குள் தலைகாட்டும்போதெல்லாம் சந்தைக்காரிகள், “ஐயா, உங்க விடுதலை கிடைச்சுதா? எங்க வாழைத் தோப்புல ஏதோ மேயுது, வந்து பாருங்க!” என்றார்கள்.

பெரியவர்கள் அனானேவை முற்றத்தில் நிறுத்தினார்கள். நானாவின் பெயரை எடுத்தாயா என்று கேட்டார்கள். இல்லையென்று ஊரே சாட்சி சொன்னது. காணாமற்போன பொருளுக்கு உத்தரவு தேவையா என்று அனானே திருப்பிக் கேட்டார். வெகுநேரம் தேடியும் அபராதம் போட அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. நானா ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. செய்தி மட்டும் ஊருக்குப் போய்விட்டது. நானா முகத்தில் பல மாதங்களுக்குப் பிறகு களை திரும்பியது.

அனானே முட்டியைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டார். சேகண்டியை இரண்டு கையாலும் நீட்டினார். நானா நீண்ட நேரம் முணுமுணுத்தார்.

“நானா மனசு நெகிழ்ந்து போயிருக்காங்க,” என்றார் ஒப்போங். இப்போது கையில் கோல் இருந்தது. “உன்னை மாதிரி புத்திசாலி இந்த ஊருக்கு இனி கிடைக்கப் போறதில்லை. இனிமேல் தலைநகர் அக்ராவிலிருந்து வரிச் செய்தி வரும், ஓட்டுச் செய்தி வரும், நானா சொல்லவும் முடியாது, சொல்லாம இருக்கவும் முடியாது. அதையெல்லாம் நீதான் ஆடு மாதிரி அடிக்கணும்.”

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. பிறகு மடங்கியது.

மார்ச் ஆறாம் தேதி ஊர் கலகலத்தது. டெப்ரா லாரியின் மேல் நின்று கையை உயர்த்தி முழங்கினான். பெரியவர்கள் வரவில்லை, ஆனால் அவரவர் வீட்டு வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள். நானா வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டார். அன்று காலை அனானே அறிவித்ததாவது: பள்ளி மைதானத்தில் கொடியேற்றம் என்று பிளாங்க்சன் சொல்கிறார். நாற்காலிகளை அவரவர் கொண்டுவரும்படி பிளாங்க்சன் சொல்கிறார். முடிவில் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மைதானத்துக்கு அவர் போகவில்லை, முட்டி விடவில்லை. டூஃபியே புதுத் துணி கட்டிக்கொண்டு கிளம்பும்போது அவரைப் பார்த்து நின்றாள்.

“நாட்டுக்கே தேதி குடுத்துட்டாங்க. உனக்கு ஏதாவது சொன்னாங்களா?”

அனானே சேகண்டியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். ஈரம் பட்டால் துருப்பிடித்துவிடும்.

“பழைய குழுவைக் கலைச்சுட்டாங்களாம்,” என்றார். “புதுசா ஒண்ணு போட்டிருக்காங்க.”