சைபீரியப் பூனை பார்க்கப் போன ஞாயிறு

மகளுக்குப் பத்து வயதான வருடம் எங்கள் வீட்டில் பூனைப் பேச்சைத் தவிர வேறு பேச்சு இல்லை. ஹம்பேர்க் நகரத்தில் நானும் மனைவியும் மகளும் இருக்கும் மூன்றாம் மாடி வீட்டைப் படமாகக் கீறி, பூனை எங்கே படுக்கும், எங்கே சாப்பிடும் என்று குறித்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்தாள். பால் எடுக்கப் போகும்போதெல்லாம் அந்தப் படத்தைப் பார்க்காமல் கதவைத் திறப்பேன். அவளுக்கு மூன்று வயதிலிருந்தே முட்டு, ஆஸ்துமா. மூச்சு இழுக்கத் தொடங்கினால் கழுத்துக்குக் கீழே சின்னதாய் ஒரு குழி விழும். அந்தக் குழியைப் பார்த்துப் பார்த்தே நான் பயந்தாங்கொள்ளியாகிப் போனேன்.

பூனையே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியும் பார்த்தேன். அவள் அழவில்லை, சாப்பிடாமலும் இருக்கவில்லை. நூலகத்திலிருந்து புத்தகம் புத்தகமாகக் கொண்டுவந்து வாசித்தாள். மயிர் இல்லாத பூனை ஒன்றின் படத்தைக் காட்டியபோது மனைவி, "உரிச்ச கோழி மாதிரிக் கிடக்கு, சாமியறைப் பக்கம் வந்தா நான் பயந்து செத்துப் போவன்" என்றாள். பேர்சியப் பூனைக்கு மயிர் அதிகம். கடைசியில் சைபீரியப் பூனையில் வந்து நின்றோம். அதன் எச்சிலில் ஒவ்வாமை தரும் பொருள் குறைவாம். ஆனால் குட்டிக்குக் குட்டி வித்தியாசமாம்.

மகளின் வைத்தியர் முடியாது என்று சொல்லவில்லை. "முதலில் அந்தப் பூனையோடு ஒரு மணி நேரம் இருந்து பாருங்கள். மூச்சுக்கு அடிக்கும் ஸ்ப்ரே கையிலேயே இருக்கட்டும்" என்றார்.

நகரத்துக்கு வெளியே, ஒரு மணி நேரம் கார் ஓடும் தூரத்தில், ஒரு ஜெர்மன் பெண்மணி சைபீரியப் பூனைகளை வளர்த்து விற்றாள். தொலைபேசியில் எடுத்த எடுப்பிலேயே, "ஒவ்வாமை உள்ள வீட்டுக்கு நான் சும்மா குட்டி கொடுப்பதில்லை. ஒரு மாதத்தில் திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது இருக்கிறதா?" என்று கேட்டாள்.

"இல்லை" என்றேன். யோசித்துச் சொன்ன பதில் இல்லை அது. வாய் தானாகச் சொன்னது.

என் வாயை அப்படிப் பழக்கியது அகதி விசாரணை. இந்த நாட்டுக்கு வந்த புதிதில், முகாமில் ஒரே அறையில் இருந்த ஆறு பேரும் ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டுப் பாடமாக்குவோம். கேட்டதற்கு மட்டும் பதில். சின்னப் பதில். முதல் விசாரணையில் சொன்னதை இரண்டாவதில் மாற்றினால் கதை முடிந்தது. குடியுரிமை எடுத்துப் பல வருடமாகியும், மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர் பேனையைத் திறந்தால் என் வாயில் அந்தச் சின்னப் பதில்தான் வரும்.

ஆகவே சனிக்கிழமை பின்னேரம் மனைவியையும் மகளையும் மேசைக்கு முன்னால் இருத்தி விசாரணை நடத்தினேன்.

"உனக்கு அலர்ஜி இருக்கோ?"

"இல்லை, அப்பா."

"அப்பா எண்டு சொல்லாதை, நான் இப்ப அந்த மனிசி. நோய், வருத்தம் ஏதும் இருக்கோ?"

"இல்லை."

"அவ்வளவுதான். ஒருக்காச் சொன்னால் பிறகு மாத்திச் சொல்லக் கூடாது."

மனைவி சிரித்தாள். "என்னப்பா, பூனை எடுக்கப் போறமோ, விசா எடுக்கப் போறமோ?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நீர் பேசாம இரும். தெரிஞ்சால் குட்டி தரமாட்டா. பிறகு பிள்ளையை ஆர் சமாளிக்கிறது?" என்று கத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு கோப்போடு புறப்பட்டேன். வாடகை ஒப்பந்தம், பூனை வைத்திருக்க வீட்டுக்காரர் தந்த கடிதம், பல்கனியில் வலை கட்டிய படம், எல்லாம் அதில் இருந்தன. அந்த வீதியில் இடம் இல்லாததால் காரை வீதி முடிவில் விட்டேன். இறங்கும்போது மனைவியின் கைப்பையிலிருந்து ஸ்ப்ரேயை எடுத்துக் காரின் முன்தட்டுக்குள் வைத்துப் பூட்டினேன்.

"டொக்டர் கையில வைச்சிருக்கச் சொன்னவர்" என்றாள் மனைவி.

"பையைத் திறக்கேக்க கண்டால் எல்லாம் பிழைச்சுப் போகும். கார் இஞ்சைதானே நிக்குது."

அந்தப் பெண்மணி கோப்பைத் திறந்தும் பார்க்கவில்லை. அப்பிள் கேக் வெட்டி வைத்தாள். பகலில் வீட்டில் யார் இருப்பீர்கள், விடுமுறைக்குப் போனால் பூனையை யார் பார்ப்பார்கள் என்று கேட்டாள். நான் சின்னச் சின்னப் பதிலாகச் சொன்னேன். "ஏன் இருவரும் பரீட்சைக்கு வந்த மாதிரி இருக்கிறீர்கள்? கேக் சாப்பிடுங்கள்" என்றாள். மகள் கம்பளத்தில் இருந்தாள். மடியில் சாம்பல் நிறக் குட்டி ஒன்று. அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முதல் கண்டதில்லை.

இருபது நிமிடம் போயிருக்கும். அவளுடைய தோள்கள் ஏறி இறங்குவதைக் கண்டேன். பிறகு கழுத்துக்குக் கீழே அந்தக் குழி.

அப்போதே எழுந்திருக்க வேண்டும். நான் எழவில்லை. இப்போது அடங்கிவிடும், இன்னும் ஒரு நிமிடம் பார்ப்போம் என்று கதிரையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

பெண்மணி கேக்கை வைத்துவிட்டுக் குனிந்தாள். "உனக்கு ஏதாவது செய்கிறதா?"

மகள் என்னைப் பார்த்தாள். "இல்லை. எனக்கு... அலர்ஜி... இல்லை."

"மூச்சு விடக் கஷ்டமாக இருக்கிறதா?"

"இல்லை... அலர்ஜி... இல்லை." உதடு வெளுத்திருந்தது.

"சாவியைத் தாங்கோ" என்று மனைவி எழுந்தாள். நான் கொடுக்கவில்லை. நானே ஓடினேன். அவ்வளவு நீளமான வீதியை என் வாழ்நாளில் கண்டதில்லை. சாவி பூட்டுக்குள் போக மறுத்தது. முருகா, முருகா என்று சொல்லிக்கொண்டு திரும்பி ஓடினேன். ஓடும்போது, நான் போவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும் என்றுதான் நினைத்தேன்.

அவர்கள் மகளை வெளியே வாசற்படிக்குக் கொண்டுவந்திருந்தார்கள். பெண்மணி அம்புலன்சைக் கூப்பிட்டுவிட்டு நின்றாள். ஸ்ப்ரேயை இரண்டு தரம் அடித்தோம். காத்திருந்தோம். இன்னும் இரண்டு தரம். குழி மெதுவாக மறைந்தது. கன்னத்தில் நிறம் வந்தது. நான் அவளுக்குப் பக்கத்தில் படியில் இருந்தேன்.

பெண்மணி சத்தம் போடவில்லை. "ஏன் சொல்லவில்லை? குட்டி படுத்த துணியை முதலில் உங்களிடம் தந்திருப்பேன். வைத்தியரைக் கேட்டுப் பழக்கிப் பார்த்திருக்கலாம்" என்றாள். முகாமையும் ஆறு பேரையும் அவளுக்கு நான் எங்கிருந்து விளங்கப்படுத்துவது?

அம்புலன்சில் மகளோடு மனைவி ஏறினாள். நான் பின்னால் காரில் போனேன். ஆஸ்பத்திரியில் இளம் வைத்தியர் ஒருவர் கட்டில் அருகில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, பேனையைத் திறந்து, "எப்போது மூச்சு முட்டத் தொடங்கியது?" என்று மகளிடம் கேட்டார்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"உள்ளதைச் சொல்லு, பிள்ளை" என்றேன்.

அதன் பிறகும் அவள் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஓம் என்று தலையாட்டிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.