காய்ந்து கிடந்த குழாய்

1. மலை எரிந்த வருஷம்

மும்பை செம்பூரில் ‘சால்’ என்கிற எங்கள் வரிசை வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் மலைச்சரிவு எரிந்தபோது நான் கீழே கட்டர் அள்ளிக்கொண்டிருந்தேன். மழைக்கு முன்னால் சாக்கடைகளில் சேறு அள்ளுவதுதான் என் வேலை. அதற்கு முன்பு கட்டடங்களில் சிமெண்டுச் சட்டி சுமந்தேன். பள்ளிக்கூடம் எனக்கு அதிகம் வாய்க்கவில்லை. ஆனால் இந்தப் பக்கத்தில் என் மண்வெட்டி படாத கட்டர் கிடையாது. அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமும் கிடையாது.

தீ வைத்தது யார் என்று ஆளுக்கொரு சந்தேகம். என் சந்தேகம், எங்கள் வீடுகளை விலைக்குக் கேட்டு அலைந்த ஏஜெண்டின் மேல். முந்தின நாள் அவன் சரிவில் நின்று போன் பேசியதை நான் பார்த்தேன். எவனாவது அணைக்காமல் போட்ட பீடியாகவும் இருக்கலாம். இன்றுவரை தெரியாது.

புல்லும் செடியும் எரிந்துபோனதால் மண்ணைப் பிடித்துக்கொள்ள வேர் இல்லை. தொட்டால் உதிர்ந்தது. அந்த மண்ணுக்கும் எங்களுக்கும் நடுவே இருப்பது ஒரு கல்சுவர். அதில் அங்கங்கே குழாய் பதித்திருக்கும். மலைக்குள் இறங்கும் மழைத்தண்ணீர் அதன் வழியாக வெளியே வந்து கட்டரில் விழ வேண்டும். வராவிட்டால் சுவருக்குப் பின்னாலேயே நிற்கும். நிற்கிற தண்ணீர் சும்மா நிற்காது, சுவரைத் தள்ளும்.

2. அடைத்தது யார்

சுவரோரம் சேறு அள்ளிக்கொண்டு போகும்போது பார்த்தேன். ஒரு குழாயில் பழைய சேலை, ஒன்றில் சிமெண்டு, ஒன்றில் பால் கவர். எல்லாம் அடைபட்டிருந்தன. இதுவும் அந்த ஏஜெண்டின் வேலைதான் என்று நினைத்தேன். சுவர் விழுந்தால் எங்களைக் காலி செய்வது அவனுக்கு எளிது.

எங்களை வேலை வாங்குகிற முக்காதமிடம் காட்டினேன். “பேச்சி பாயி, நீ நாலா மட்டும் பாரு. சுவரு நம்ம காம் இல்லே” என்றார். அவருக்குக் கட்டர்தான் நாலா, வேலைதான் காம். போட்டோ எடுத்து ஆபீசுக்கு அனுப்புகிறேன் என்றார். அனுப்பினாரோ என்னவோ.

வேலை முடிந்ததும் நானே கடப்பாரையோடு போனேன். முதல் குத்திலேயே கதவுகள் திறந்தன. சுவரை ஒட்டிய வரிசையில் கடைசி வீட்டிலிருந்து செல்லத்தாய் வந்தாள். அவள் மகள் பிரசவத்துக்கு வந்து, கைக்குழந்தையோடு அங்கே இருந்தாள்.

“என்ன பேச்சியக்கா, சொவத்த இடிக்கிய? ஏஜெண்டு எவ்வளவு தாரேன்னான்?”

“தந்திருந்தா இங்கன வந்து ஏன் சேத்துல நிக்கேன்? அடச்சது யாருன்னு சொல்லு.”

செல்லத்தாயே சொன்னாள். “மலை எரிஞ்சதுல இருந்து பாம்பு அந்தக் குழா வழியாத்தான் எறங்குது. தொட்டிலுக்கு அடியில கெடந்துச்சு யக்கா. நாந்தான் அடச்சேன். எங்க குழாவ மட்டுந்தான்.”

“நானும் எங்க குழாவ மட்டுந்தான்” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

இப்படி ஒவ்வொருத்தியும் தன் குழாயை மட்டும் அடைத்திருந்தாள்.

3. கம்பி வலை

பாம்புக்குப் பயப்படாதே என்று பச்சைப்பிள்ளைக்காரியிடம் சொல்ல முடியாது. தாராவியில் பழைய இரும்புக் கடையில் கம்பி வலை வாங்கி வந்தேன். அடைப்பையெல்லாம் எடுத்துவிட்டு, குழாய் வாயில் வலையை வைத்துக் கம்பியால் முறுக்கிக் கட்டினேன். கரியும் மண்ணும் வந்து வலையை அடைக்கும், மழை நேரத்தில் துடைப்பத்தால் தட்டிவிடுங்கள் என்று வீடு வீடாகச் சொன்னேன். சந்தின் தலைமாட்டில், சேறு வீட்டுப் பக்கம் திரும்பாமலிருக்க மண் மூட்டைகளை அடுக்கினோம்.

செல்லத்தாய் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். “பாம்பு வந்துச்சுன்னா ஒங்க வீட்டுல கொண்டாந்து விடுவேன், பாத்துக்கிடுங்க.”

“விடு. எனக்கும் பேச்சுத்துணைக்கு ஆளில்ல.”

4. கறுப்புத் தண்ணீர்

பெரிய மழை பிடித்த அன்று குழாய்கள் எல்லாம் கறுப்பாகக் கொட்டின. நான் துடைப்பத்தோடு ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனேன். செல்லத்தாய் வீட்டுக் குழாய் மட்டும் காய்ந்து கிடந்தது.

“பாத்தியளா, நம்ம பக்கம் ஒரு சொட்டு கெடையாது” என்றாள், பெருமையாக.

சுவரில் கை வைத்தேன். கல் இடுக்கில் சேறு நூல்போலக் கசிந்தது. வலையைக் கட்டிய கம்பியைப் பார்த்தேன். அந்த முறுக்கு என் கை முறுக்கு இல்லை.

“ஏட்டி, வலைக்கு உள்ள என்ன வச்சிருக்க?”

“ஒண்ணுமில்லையே.” அவள் கண் என்னைப் பார்க்கவில்லை, தொட்டிலைப் பார்த்தது.

“மொதல்ல மவளையும் பிள்ளையையும் கூட்டிட்டு வெளிய போ. பொறவு பேசுவோம்.”

என் குரலைக் கேட்டு அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மகளோடு வெளியே இறங்கினாள். அவர்கள் சந்து முனை தாண்டிய பிறகு கம்பியை அறுத்தேன். கட்டர்க் கொக்கியை உள்ளே விட்டு, பக்கவாட்டில் நின்று இழுத்தேன். ஒரு தலையணை வந்தது. அதன் பின்னால் வந்த தண்ணீர், கல்லும் கரியுமாக எதிர்வீட்டுக் கதவில் போய் அடித்தது. அந்த வேகம் அடங்க வெகுநேரம் ஆயிற்று. சுவர் நின்றது.

“வலைக் கண்ணு வழியா குட்டிப் பாம்பு வந்துரும்னு தோணிச்சு யக்கா” என்று செல்லத்தாய் நனைந்துகொண்டே சொன்னாள். நான் திட்டவில்லை.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். கொட்டுகிற குழாயைப் பார்த்துப் பயப்படாதீர்கள். எல்லாம் கொட்டும்போது ஒன்று மட்டும் காய்ந்திருந்தால் அங்கே போய்ப் பாருங்கள்.

இப்போதும் மழைக்கு முன்னால் செல்லத்தாய் வீட்டுக்குப் போய், தலையணைகளைக் காட்டு என்கிறேன். அவள் சிரித்துக்கொண்டே எடுத்துப் போடுகிறாள். நான் சிரிப்பதில்லை. எண்ணுகிறேன்.