லீவு போட்டு வாங்குன ஒரே கூலி

இன்னிக்குப் பூண்டுக்காட்டுக்கு நாங்க பொம்பளைக அத்தனை பேரும் லீவு. நான் கொடைக்கானல் ஏரிக்கரைப் பெஞ்சுல தனியா உக்காந்து அவிச்ச கடலை தின்னுக்கிட்டிருந்தேன். அம்புட்டுச் சொகம்.

பூண்டுக்காட்டு மொதலாளித் தம்பி போன் போட்டாரு.

"எங்கக்கா இருக்கீங்க? ரெண்டு நாள்ல மழையாம். பூண்டெல்லாம் மண்ணுலயே கெடக்கு. வெரசா வாங்க!"

"ஆம்பளைக்குக் குடுக்கிற கூலிய எங்க எல்லாருக்கும் குடுங்க தம்பி, வாரோம்."

"அவங்க மூட்டை தூக்குறாங்களேக்கா."

"நல்லாத் தூக்கட்டும். நாங்க பிடுங்காம மூட்டையில எதைப் போட்டுத் தூக்குவாங்க?"

டவர் போயிருச்சோன்னு போனை உத்துப் பாத்தேன்.

"சரிக்கா. எல்லாருக்கும் ஒரே கூலி."

"நல்லா இருங்க. நாளைக்கு வெள்ளனே வந்துருவோம். இன்னிக்கு எனக்கு ரெஸ்ட்டு."

வருசக்கணக்கா குனிஞ்சு வேலை பாத்தும் கெடைக்காத கூலி, ஒரு நாள் நிமுந்து உக்காந்ததும் கெடைச்சிருச்சு. அடுத்து தீவாளி போனசுக்கு உக்காரலாம்னு இருக்கேன். யாரெல்லாம் வாரீங்க?